வேல் மார்க் மூட்டை

ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் சோலைமலையின் கமிஷன் கடைக்குச் சரக்குக் கொண்டுவரும் விவசாயிகளுக்கு ஒரு விஷயம் நன்றாகத் தெரியும். மூட்டையின் வாயில் பளபளவென்று காயை அடுக்கிவைத்து அவரை ஏமாற்ற முடியாது. மனுஷன் மேலே இருப்பதைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு மூட்டைக்குள் கையை விடுவார். தோள் வரைக்கும் இறக்கி, அடியிலிருந்து ஒரு பிடி அள்ளி வெளியே எடுத்து, அதைப் பார்த்துத்தான் விலை சொல்வார். கல்யாணப் பந்தியில் வைக்கிற அப்பளத்தைக்கூடப் புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் நொறுக்குவார் என்று மார்க்கெட்டில் கேலி பேசுவார்கள். அதில் பெரிய பொய் ஒன்றும் கிடையாது.

அப்படிப்பட்டவருக்கு மாசி மாதத்தில் ஒரு நாள் காலை, ஏலம் சூடாக நடந்துகொண்டிருக்கும்போது, கலெக்டர் ஆபீசிலிருந்து போன் வந்தது. கார்த்திகையில் புயலும் வெள்ளமும் இலங்கையைப் புரட்டிப் போட்டபோது நம் பக்கமிருந்து கப்பலில் நிவாரணம் போனதல்லவா, அதற்கு நன்றி சொல்ல அங்கிருந்து ஒரு குழு வருகிறது என்றார் பேசியவர். நிவாரணம் போன ஊர்களுக்கெல்லாம் போகிறார்களாம். ஒட்டன்சத்திரத்துக்கும் வருகிறார்களாம்.

"நல்லதுங்க. சங்கத்துல சொல்லிடறேன்" என்றார் சோலைமலை.

"சங்கத்துக்குச் சொல்லியாச்சு சார். ஆனா அவங்க பாக்கணும்னு கேட்டது உங்களைத்தான். மூட்டையில செவப்பு வேல் போட்ட கடைக்காரர் யாருன்னு கேட்டிருக்காங்க."

சோலைமலை ஏலத்தை விட்டு ஓரமாக ஒதுங்கினார். சிவப்பு வேல் அவர் கடை மார்க். அப்பா காலத்தில் பழனி முருகனை நினைத்துப் போட்டது. நிவாரணத்துக்கு அவர் கடையிலிருந்து என்ன போயிற்று என்பது உலகத்தில் இரண்டே பேருக்குத்தான் தெரியும். ஒருவர் அவர். இன்னொருவன் மூட்டை தூக்கும் ஆண்டனிராஜ்.

நடந்தது இதுதான். வெள்ளச் செய்தி வந்ததும் வியாபாரிகள் சங்கத் தலைவர் மோகன்குமார் மைக்கைப் பிடித்து, கடைக்குப் பத்து மூட்டை சின்ன வெங்காயம் கொடுக்க வேண்டும் என்று அறிவித்தான். எல்லாரும் கை தட்டினார்கள். சோலைமலையும் தட்டினார். தட்டிக்கொண்டே யோசித்தார். இங்கிருந்து லாரி, அப்புறம் துறைமுகம், அப்புறம் கப்பல், அப்புறம் அங்கே இன்னொரு துறைமுகம். இத்தனை கை மாறி, நம் வெங்காயம் வெள்ளத்தில் நிற்கிறவன் சட்டிக்குப் போய்ச் சேருமா? எவனாவது நடுவில் இறக்கி விற்றுத் தின்பான். எவனோ திங்கப் போகிறதற்கு முதல் தரத்தை எதற்குக் கொடுப்பது? அப்போது அவருடைய குடோனின் ஓரத்தில், ஓட்டு ஒழுகலில் நனைந்து முளைவிட்ட வெங்காயம் பத்து மூட்டை தேறும் அளவுக்குக் கிடந்தது. சமையலுக்கு யாரும் தொட மாட்டார்கள். ஐப்பசி கார்த்திகை அடைமழையில் நடவுக்கும் யாரும் கேட்கவில்லை. குப்பைக்குப் போக வேண்டியது கப்பலுக்குப் போயிற்று.

வீட்டில் மட்டும் "பத்தும் முதல் தரம்" என்று சொல்லியிருந்தார். மனைவி புவனேஸ்வரி அதை நெய்க்காரப்பட்டியிலிருக்கும் அக்கா தங்கைகளுக்கெல்லாம் போன் போட்டுச் சொல்லி, வீட்டுக்காரரின் தாராளத்தை ஊர் அறியச் செய்துவிட்டாள்.

போனை வைத்ததும் ஆண்டனிராஜைக் குடோனுக்குள் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினார்.

"ஏலே, மார்க் இல்லாத பழைய சாக்குல போடுன்னு சொன்னேனா இல்லியா?"

"சொன்னீங்க மொதலாளி. நல்ல காரியத்துக்குப் போறதாச்சேன்னு நாந்தான் புதுச் சாக்குல மாத்திப் போட்டேன்."

இதற்கு என்னவென்று திட்டுவது? சோலைமலை பல்லைக் கடித்துக்கொண்டார்.

"யாருகிட்டயாச்சும் வாய விட்டியா?"

"எதப் பத்தி மொதலாளி?"

அவன் முகத்தை உற்றுப் பார்த்தார். ஒன்றும் தெரியாதவன் போலத்தான் நின்றான். ஒன்றும் தெரியாதவன் போல நிற்கிறவனைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும் என்பது அவர் தொழிலில் கற்றது. அன்றிலிருந்து ஆண்டனிராஜ் யாருடன் டீ குடிக்கிறான் என்று கவனிக்க ஆரம்பித்தார். அவன் எல்லாருடனும் டீ குடித்தான்.

அடுத்த சந்தேகம் மோகன்குமார் மேல் விழுந்தது. சங்கத் தேர்தலில் சோலைமலை அவனுக்கு ஓட்டுப் போடவில்லை என்பது அவனுக்குத் தெரியும். எப்படியோ மோப்பம் பிடித்து அவன்தான் போட்டுக் கொடுத்திருக்க வேண்டும். அதை உறுதி செய்துகொள்ள அவன் கடைக்கே போனார். மோகன்குமார் வரவேற்ற விதமே சரியில்லை. நாற்காலி போட்டான், இளநீர் சொன்னான், வாயெல்லாம் சிரித்தான்.

"சோலைமலைண்ணே, எல்லாக் கடையும்தான் குடுத்தோம். உங்களை மட்டும் தேடி வாராங்க. யாரைப் புடிச்சீங்க? எந்த மந்திரி?"

இவன் நம்மைச் சந்தேகப்படுகிறான் என்பது சோலைமலைக்கு ஒரு நிமிஷம் ஆறுதலாகக்கூட இருந்தது. பிறகு, அப்படி நடிக்கிறானோ என்று தோன்றியது. இளநீரைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டார்.

கலெக்டர் ஆபீசிலிருந்து இன்னொரு முறை பேசி, ஆதார் நகல் ஒன்று வேண்டும் என்றார்கள். நன்றி சொல்ல ஆதார் எதற்கு? மறுநாள் சாதா உடுப்பில் ஒரு போலீஸ்காரர் கடைக்கு வந்து, வெளிநாட்டுக்காரர்கள் வருவதால் வழக்கமான விசாரணைதான் என்று சொல்லி, கடைக்கு எத்தனை வாசல், இலங்கையில் உங்களுக்குச் சொந்தக்காரர் உண்டா என்றெல்லாம் கேட்டார். போகும்போது வெங்காயம் வாங்கினார். அதை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்து வாங்கினார்.

அவருக்குள் ஒரு படம் ஓட ஆரம்பித்துவிட்டது. அந்த வெங்காயத்தைத் தின்று அங்கே யாருக்கோ வாந்திபேதி. அழுகின மூட்டையைப் போட்டோ எடுத்து வைத்திருக்கிறார்கள். நன்றி என்று சொல்லி மேடையில் ஏற்றி, டிவிக்காரர்கள் முன்னால் அந்தப் போட்டோவை நீட்டப் போகிறார்கள். கமிஷன் கடைக்காரனுக்குப் பேர்தான் முதல். விவசாயி தராசை நம்பிச் சரக்கைப் போட்டுவிட்டு ஊருக்குப் போகிறான். வெள்ளத்தில் தவித்தவனுக்கே அழுகலைத் தள்ளியவன் என்று பேராகிவிட்டால், நாளைக்கு எவன் இவர் வாசலில் வண்டியை நிறுத்துவான்? முப்பது வருஷமாக அடி பார்த்து அடி பார்த்துச் சேர்த்த பேர் அது.

"நல்லது பண்ணுனீங்க, நன்றி சொல்ல வாராங்க. இதுக்குப் போய் ஏனுங்க இப்படி மூஞ்சியத் தொங்கப் போட்டிருக்கீங்க?" என்றாள் புவனேஸ்வரி. அவள் விழாவுக்குக் கட்டிக்கொள்ளச் சின்னாளப்பட்டிச் சேலை வாங்கி வந்திருந்தாள். அக்கா தங்கைகளையும் வரச் சொல்லியிருந்தாள்.

"சும்மா இரு. ஒரு தேசத்துக்காரன் எதுக்குடி நம்மளத் தேடி வரணும்? காரியமில்லாம எவன் வருவான்?"

"நன்றி சொல்றதும் ஒரு காரியந்தானுங்க."

அவளுக்கு வியாபாரம் தெரியாது என்று நினைத்துக்கொண்டார். ஆனாலும் ஒரு பதிலைத் தயார் செய்துகொண்டார். போட்டோவை நீட்டினால் பதறக் கூடாது. சிரிக்க வேண்டும். 'இங்கிருந்து போகும்போது நல்ல காய்தான்; கப்பலில் நாளானால் அப்படித்தான் ஆகும்' என்று சொல்லிவிட வேண்டும். குளிக்கும்போதும் சாப்பிடும்போதும் இதைச் சொல்லிச் சொல்லிப் பார்த்தார். எந்த இடத்தில் சிரிப்பது என்பது வரை முடிவு செய்துவிட்டார்.

விழா அன்று மார்க்கெட் முற்றத்தில் பந்தல் போட்டிருந்தார்கள். இரண்டு நாட்டுக் கொடியும் பக்கத்தில் பக்கத்தில் கட்டியிருந்தது. ஏலம் முடிந்து விவசாயிகள் யாரும் ஊருக்குப் போகவில்லை. கேரளா லாரி டிரைவர்கள்கூட இறங்கி வந்து நின்றார்கள். புவனேஸ்வரியும் அவள் அக்கா தங்கைகளும் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். சோலைமலை தன் கடை முகப்பில், இருக்கிறதிலேயே நல்ல வெங்காயமாக நான்கு மூட்டையை வாய் திறந்து வைத்திருந்தார். எதற்கும் இருக்கட்டும் என்றுதான்.

குழு வந்தது. கோட்டுப் போட்ட அதிகாரி ஒருவர், அவருடன் சிலர், கடைசியாக வெயிலில் கறுத்த, நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண். சோலைமலையை மேடையில் ஏற்றி உட்காரவைத்தார்கள். இரண்டு பேர் ஒரு மூட்டையைத் தூக்கி வந்து அவர் முன்னால் வைத்தார்கள். அந்த மூட்டையைச் சோலைமலை எட்டிப் பார்த்தார். சிவப்பு வேல். அவருடைய சாக்கேதான். வாய் தைத்திருந்தது. அழுகினதை அப்படியே திருப்பிக் கொண்டுவந்துவிட்டார்களா?

அதிகாரி ஆங்கிலத்தில் பேசினார். இரண்டு நாடு, ஒரே கடல், துன்பத்தில் கைகொடுத்த அண்டை வீடு என்றெல்லாம் ஒருவர் தமிழில் சொன்னார். சோலைமலை காதில் எதுவும் ஏறவில்லை. அவர் மூட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அந்தப் பெண் மைக்குக்கு வந்தாள்.

"வணக்கம். என்ர பேர் தவமலர். முல்லைத்தீவுப் பக்கம் எங்கட ஊர். நாங்கள் வெங்காயம் செய்யிற ஆக்கள். வெள்ளம் வந்து வீட்டைக் கொண்டு போனதைவிட, அடுத்த நடுகைக்கெண்டு பிடிபிடியாக் கட்டி முகட்டில தூக்கியிருந்த விதை வெங்காயத்தைக் கொண்டு போனதுதான் எங்களுக்குப் பெரிய அடி. பிறகு அரிசி வந்தது, பருப்பு வந்தது, உடுப்பு வந்தது. சந்தோசம்தான். ஆனால் எல்லாம் திண்டு முடியிற சாமான். விதை ஒருத்தரும் அனுப்பேல்லை."

விவசாயிகளுக்கு அது புரிந்தது. விதை போன வீடு எப்படி இருக்கும் என்று அவர்களுக்குத் தெரியும்.

"அப்பத்தான் இந்த வேல் போட்ட மூட்டையள் வந்தது. அவிழ்த்துப் பாத்தால், எல்லாம் முளைச்சுப் பச்சையா நிக்குது. சமைக்கிறதுக்கில்லை, நடுறதுக்கெண்டே பாத்து அனுப்பியிருக்கினம். நான் அதிலயே குந்தி அழுதிட்டன்."

முளைச்சு. அந்த ஒரு சொல் போதாதா? முற்றத்தில் இருந்த அத்தனை தலையும் ஒரே நேரத்தில் சோலைமலை பக்கம் திரும்பியது. முளைத்த வெங்காயம் என்றால் என்ன, அது குடோனில் எந்த மூலையில் கிடக்கும், எந்தக் கதிக்குப் போகும் என்பதெல்லாம் அந்த முற்றத்தில் டீ விற்கிறவனுக்குக்கூடத் தெரியும். மோகன்குமார் மெதுவாக இளிக்க ஆரம்பித்தான். புவனேஸ்வரியின் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே நின்றது. அக்கா அவள் காதில் ஏதோ கேட்டாள்.

"கொஞ்சம் அழுகியும் இருந்ததுதான்" என்றாள் தவமலர். "கப்பலில நாள் போனால் அப்பிடித்தானே. அதைக் கழிச்சுப்போட்டு மிச்சத்தை நட்டனாங்கள்."

சோலைமலை நிமிர்ந்து உட்கார்ந்தார். அவர் குளித்துக்கொண்டே மனப்பாடம் செய்த வாக்கியம் அது. இவள் வாய்க்கு எப்படிப் போயிற்று? தெரிந்து சொல்கிறாளா? ஊர் முன்னால் வைத்துக் குத்துகிறாளா? அவள் முகத்தில் எங்கேயாவது ஒரு நக்கல் தெரிகிறதா என்று கூர்ந்து பார்த்தார். கண்ணைப் பார்த்தார், உதட்டோரத்தைப் பார்த்தார். மேல் காயைப் பார்த்து எதுவும் தெரியாது என்பதுதான் அவருடைய தொழில் பாடம். அந்த முகத்தின் அடியில் கைவிட்டுப் பார்க்க அவருக்கு வழி தெரியவில்லை.

தவமலர் அவர் பக்கம் திரும்பி மைக்கை நீட்டினாள்.

"எங்களுக்கு விதைதான் வேணுமெண்டு உங்களுக்கு எப்பிடி ஐயா தெரிஞ்சது?"

ஒரு பொய்யைத் தட்டில் வைத்து நீட்டுவது போல இருந்தது. 'நாங்களும் விவசாயக் குடும்பம்தானுங்க' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். கோட்டுப் போட்டவர் கை தட்டியிருப்பார், டிவியில் வந்திருக்கும். ஆனால் முன்னால் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் வெங்காயம் தெரிந்தவர்கள். சோலைமலை வாயைத் திறந்தார்.

என்ன சொல்வதென்று தெரியாத நேரத்தில் அந்த மனுஷனுக்குக் கைதான் முந்தும். இதற்குள் யாரோ மூட்டையின் தையலைப் பிரித்திருந்தார்கள். மேலே சிவந்த வெங்காயம் தெரிந்தது. சோலைமலை, தான் என்ன செய்கிறோம் என்ற நினைப்பே இல்லாமல், விழாவுக்கென்று போட்ட வெள்ளைச் சட்டையின் கையைச் சுருட்டினார். ஒரு தேசம் நன்றியென்று கொண்டுவந்து வைத்த மூட்டைக்குள் கையை விட்டு, தோள் வரைக்கும் இறக்கினார்.

மொழிபெயர்த்தவர் முகம் கறுத்துப் போயிற்று. கோட்டுப் போட்டவர், இது இந்த ஊர்ச் சடங்கு போலிருக்கிறது என்று நினைத்தாரோ என்னவோ, பாதி சிரித்தபடி நின்றார். முதல் வரிசையில் புவனேஸ்வரி தலையைக் குனிந்துகொண்டாள்.

தவமலர் சிரித்துவிட்டாள்.

"எங்கட சந்தையிலயும் இப்பிடித்தான் கை விட்டுப் பாப்பினம். பாருங்கோ ஐயா, வடிவாப் பாருங்கோ."

சோலைமலையின் கை வெளியே வந்தது. ஒரு பிடி வெங்காயம். மேலே இருந்ததைவிடப் பெருசு. நல்ல சிவப்பு, இறுகின காய், கழுத்து நன்றாகக் காய்ந்து ஒட்டியிருந்தது. அவர் கடைக்கு அப்படி ஒரு காய் வந்து பல நாளாயிற்று.

"நல்லதை அடியிலதான் போட்டனான்" என்றாள் அவள். "மேல எண்டால் வழியில வெயில் பட்டு வாடுமெல்லே. நீங்கள் தந்த விதையில வந்த முதல் விளைச்சல் இது."

கை தட்டல் எழுந்தது. யார் ஆரம்பித்தார்கள் என்று தெரியவில்லை. சோலைமலை வெங்காயத்தைக் கையில் வைத்தபடியே கும்பிட்டார். "நன்றிங்க" என்று மட்டும் சொன்னார். அவளும் வேறு எதுவும் கேட்கவில்லை. கும்பிட்டுவிட்டு, அடுத்த ஊருக்கு நேரமாகிறது என்று கூப்பிட்டதும் வண்டியில் ஏறிப் போய்விட்டாள்.

அவர் பயந்தது போல யாரும் அவரை விட்டு ஓடவில்லை. பந்தல் பிரிக்கிற நேரத்துக்கே, நெய்க்காரப்பட்டி விவசாயி ஒருவர் அவர் கடை முன்னால் வந்து நின்று, முகத்தை அப்பாவியாக வைத்துக்கொண்டு கேட்டார்:

"ஏனுங்க அண்ணா, எங்கூட்டுல மொளச்சது ரெண்டு மூட்டை கெடக்குதுங்க. அடுத்த கப்பல் எப்பங்க?"

சுற்றி நின்றவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அந்தக் கேலி இனி இந்த மார்க்கெட் இருக்கிறவரை இருக்கும் என்று சோலைமலைக்குத் தெரிந்துவிட்டது. ஆண்டனிராஜ் மட்டும் சிரிக்கவில்லை. அவன் வேல் மார்க் மூட்டையைத் தோளில் ஏற்றி முதலாளி வண்டியில் வைத்தான்.

"நான் யாருகிட்டயும் சொல்லல மொதலாளி" என்றான்.

"தெரியும்டா" என்றார் சோலைமலை. அதைச் சொல்ல அவருக்கு வெட்கமாக இருந்தது.

வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் புவனேஸ்வரி சேலைத் தலைப்பை மடித்து மடித்துப் பிரித்தாள். வாசலில் இறங்கும்போது ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"மொளச்சதையா அனுப்புனீங்க?"

அவள் பதிலுக்காக நிற்காமல் உள்ளே போய்விட்டாள். புதுச் சேலையை மாற்றி மடித்து வைக்கும் சத்தம் கேட்டது.

சாயங்காலம் சோலைமலை பின்கட்டில் அந்த மூட்டையைக் கவிழ்த்தார். வெங்காயம் தரை முழுக்க உருண்டு பரவியது. சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஒவ்வொன்றாக எடுத்து, அழுத்தி, புரட்டி, மோந்து பார்த்து ஒரு பக்கமாகப் போட்டுக்கொண்டே வந்தார். முதலில் வேகமாகப் பார்த்தார். பிறகு மெதுவாக, வெளிச்சத்தில் காட்டிப் பார்த்தார்.

புவனேஸ்வரி குழம்புக்குக் கொஞ்சம் அள்ளிப்போக முறத்தோடு வந்தாள். செத்த நேரம் நின்று பார்த்தாள்.

"என்னத்தத் தேடறீங்க?"

"ஒண்ணாச்சும் சொத்தை இருக்கும் புவனா."

"இருந்தா?"

"இருக்கோணும்" என்றார். அவர் குரல் கெஞ்சுவது போல இருந்தது. "ஒண்ணே ஒண்ணு இருந்தாப் போதும்."

அவள் முறத்தில் கொஞ்சம் அள்ளிக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். அவர் பார்த்து முடித்ததையெல்லாம் மறுபடியும் தன் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு முதலிலிருந்து ஆரம்பித்தார். ஒன்றும் அகப்படவில்லை. கடைசியில் சாக்கைத் தூக்கித் தலைகீழாகப் பிடித்து உதறினார். சருகுதான் விழுந்தது. இந்த முப்பது வருஷத்தில் இப்படி ஒரு மூட்டை அவருக்கு யாரும் அனுப்பியதில்லை. அவரும் யாருக்கும் அனுப்பியதில்லை.